கஸ்தூரியின் நடை

குருகுலம் என்றால் ஆலமரத்தடியில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? எங்களுடையது மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. ஓவியமும் அனிமேஷனும் சேர்ந்த முதுகலைப் படிப்பு அது. மூச்சு வாங்க ஏறி வருகிறவனுக்குத்தான் கலை கைகூடும் என்று பியூன் சொல்வார்.

வழக்கமாகக் குருவுக்குத் தாடி நரைத்திருக்கும், சீடனுக்கு மீசை அரும்பியிருக்கும். எங்கள் வகுப்பில் அது தலைகீழ். குரு ஜுலைகா மேடத்துக்கு முப்பத்து மூன்று வயது. சீடர் கோதண்டம் அண்ணனுக்கு நாற்பத்தாறு. அவர் இவரை "மேடம்" என்பார். இவர் அவரை "சார்" என்பார். யார் முதலில் வணக்கம் சொல்வது என்பதில் தினமும் காலையில் சின்னதாக ஒரு போட்டி நடக்கும். பெரும்பாலும் மேடம்தான் ஜெயிப்பார்.

கோதண்டம் அண்ணன் அதற்குமுன் பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகங்களுக்குப் படம் போட்டு வந்தவர். நான் ஐந்தாம் வகுப்பில் ஒரு ராணிக்கு மீசை வரைந்து டீச்சரிடம் அடி வாங்கியிருக்கிறேன். அந்த ராணியே அவர் போட்டவள்தான் என்று இங்கே வந்துதான் தெரிந்தது. பயந்துகொண்டே சொன்னேன். "மீசை எடுப்பா இருந்துச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார். அப்படி ஒரு மனுஷன்.

அவர் கையோ, அது வேறு ரகம். நாங்கள் கம்ப்யூட்டரில் அழித்து அழித்துப் போடும் கோட்டை அவர் பேப்பரில் ஒரே இழுப்பில் இழுத்துவிடுவார். பொறாமைகூட வராது. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுப் பார்த்துக்கொண்டே உட்காரலாம் போலிருக்கும். நாங்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்.

"இத்தனை வருஷம் நிக்கிற படமாவே போட்டுட்டேன். ஒண்ணாவது எழுந்து நடக்கணும்" என்று வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். வீடு அவர் மனைவி கஸ்தூரி அக்காவின் சம்பளத்தில் ஓடியது. அக்கா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. அண்ணன் பேச்சில்தான் தெரியும்.

கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு சின்னப் படம் செய்ய வேண்டும். அது தேறினால்தான் பட்டம். நாங்கள் எல்லோரும் பூதம், விண்கலம், பேசும் மீன் என்று கிளம்பினோம். அண்ணன் எடுத்துக்கொண்டது ஒரே விஷயம். கஸ்தூரி அக்கா டூட்டி முடிந்து வீட்டுக்கு வருவது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறார், மத்தியான வெயிலில் நடக்கிறார், தெருமுனைப் பிள்ளையார் கோயில் முன்னால் நின்று கும்பிடுகிறார், வீட்டுக்கு வருகிறார். அவ்வளவுதான் கதை.

"வேற கதையே கிடைக்கலையாண்ணே?" என்று கேட்டேன்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து அவளுக்குன்னு உருப்படியா ஒண்ணு பண்ணதில்லப்பா. இதப் பாத்துட்டு 'ஐ, நான்தான்'னு அவ சொல்லணும். எனக்கு அது போதும். பட்டம் அப்புறம்."

பட்டம் அப்புறம் என்று சொன்னாரே தவிர, அதுவும் வேண்டியிருந்தது. தவறினால் இன்னொரு வருடம் உட்கார்ந்து படிக்க அந்த வீட்டில் வழி கிடையாது. இது எங்களுக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும்.

எங்கள் அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று சக்கரம் வைத்த சட்டத்தில் நிற்கும். ஏதாவது அசைவு வேண்டுமென்றால் அதன் முன்னால் நாங்களே நடித்துப் பார்த்து வரைவோம். பூதம் வேண்டுமா, பூதம். மீன் வேண்டுமா, மீன். வெளியாள் கதவைத் திறந்தால் பயந்துவிடுவார்கள். கண்ணாடியில் வலது இடதாகும் என்பதை மறந்து வரைவதால், எங்கள் துறையில் பிறந்த பாத்திரங்கள் பாதிப்பேர் இடது கையால்தான் சாப்பிடுவார்கள். கோதண்டம் அண்ணன் தோளில் துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் அந்தக் கண்ணாடி முன் நடந்தார்.

பாதிப் படம் முடிந்ததும் வகுப்பில் போட்டுக் காட்டினார்.

அடேயப்பா! முகம், நெற்றிப்பொட்டு, வியர்வையில் ஒட்டிய முடி, கசங்கிய சேலை, எல்லாம் ஒரு பென்சில் கோட்டில். கோயில் முன்னால் நின்று கைகூப்பியபோது யாரோ விசில் அடித்தார்கள். கைதட்டி முடிக்க நேரமாயிற்று. மேடம் மட்டும் தட்டவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க சார்."

போட்டார். மேடம் பார்த்தார்.

"யாரு சார் இது?"

"என் வீட்டுக்காரம்மா, மேடம்."

"நடையைப் பார்த்தா தெரியலையே."

அண்ணன் பர்ஸை எடுத்தார்.

"முகம் அப்படியே வந்திருக்கு மேடம். வேணும்னா போட்டோ பாருங்க."

"முகத்துல ஒரு குறையும் இல்ல சார். உங்களை மாதிரி முகம் போட எனக்கு வராது" என்றார் மேடம். பிறகு கடைசி ஜன்னலைப் பார்த்தார். "வெயில் அடிக்குது. அதைக் கொஞ்சம் சாத்திட்டு வர்றீங்களா?"

அண்ணன் எழுந்து நடந்தார். மேடம் படத்தை மறுபடி ஓடவிட்டார்.

திரையில் கஸ்தூரி அக்கா நடந்தார். கீழே கோதண்டம் அண்ணன் நடந்தார். அதே அகட்டிய பாதம். அதே லேசாகத் தாழ்ந்த இடது தோள். நாலு எட்டுக்கு ஒருமுறை உடம்பில் வரும் அதே சின்னக் குலுங்கல். முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எங்களால் அடக்க முடியவில்லை. அண்ணன் எதற்குச் சிரிக்கிறோம் என்று திரும்பினார், திரையைப் பார்த்தார், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"சேலை கட்டின கோதண்டம்" என்றார் அவரே.

அவரும் சிரித்தார். ஆனால் காது சிவந்துவிட்டது. மேடம் சிரிக்கவில்லை.

"அவளப் பாக்காம வரைஞ்சது தப்பு மேடம். இனிமே பாத்தே வரையறேன்."

"சரி சார்."

அதற்குப்பின் நடந்ததை அண்ணன் வாயால் கேட்க வேண்டும். அன்று மாலையே படத்தை அக்காவுக்குக் காட்டியிருக்கிறார். "சேலை நல்லாருக்குங்க" என்றாராம் அக்கா. அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் அண்ணன் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் நின்று போனில் வீடியோ எடுத்திருக்கிறார். அக்கா பார்த்துவிட்டார். முதுகை நிமிர்த்தி, முந்தானையைச் சரிசெய்து, சீர்வரிசைத் தட்டு ஏந்தி வருகிற மாதிரி நடந்தாராம். அடுத்த நாள் அண்ணன் டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் வந்து, "சார், யாரை நோட்டம் விடறீங்க?" என்று கேட்டிருக்கிறார். சரி, வீட்டுக்குள்ளேயே பார்ப்போம் என்று பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தால், "என்ன உத்து உத்துப் பாக்குறீங்க?" என்று அக்கா வந்து நெற்றியில் கைவைத்து ஜுரம் பார்த்தாராம்.

மறுபடி மேடத்தின் முன்னால் வந்து நின்றார்.

"பாக்காம வரைஞ்சா நான் வந்து நிக்கிறேன் மேடம். பாத்தா அவ நடை மாறிடுது. பின்ன எப்படித்தான் வரையறது?"

நாங்கள் எல்லோரும் நிமிர்ந்தோம். நல்ல கேள்வி. எங்களுக்கும் பதில் வேண்டியிருந்தது.

மேடம் எழுந்து போய், கண்ணாடிச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, சக்கரம் கிறீச்சிடத் தள்ளிக்கொண்டு போய்த் தன் அறைக்குள் வைத்துப் பூட்டினார். திரும்பி வந்தார்.

"கண்ணாடி என்கிட்ட இருக்கட்டும். வரும்போது அவங்க கையில என்ன சார் இருக்கும்?"

"பை."

"அது உங்ககிட்ட இருக்கட்டும்."

"எத்தினி நாளைக்கு மேடம்?"

மேடம் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்கள் எல்லோரும் வண்ணம் தீட்டி, சத்தம் சேர்த்து, படத்தை முடித்துக்கொண்டிருக்கிற நேரம். எங்களில் நன்றாக வரைகிற மனுஷன் பஸ் ஸ்டாப்பில் மூட்டை தூக்கப் போகிறார். இதற்கா வேலையை விட்டுவிட்டு வந்தார்? போதாக்குறைக்கு எங்கள் கண்ணாடியும் போயிற்று. என் மீனுக்கு வால் ஆடவே இல்லை.

அண்ணன் பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பிப் போனார்.

முதல் நாள் அவரை பஸ் ஸ்டாப்பில் பார்த்ததும் அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டதாம்.

"ஏங்க, யாருக்காவது ஒண்ணு ஆயிடுச்சா?"

"அதெல்லாம் இல்ல. பையைக் குடு."

"எதுக்கு?"

"மேடம் சொன்னாங்க."

"மேடம் சொன்னாத்தான் வாங்குவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தாராம்.

கொஞ்ச நாளில் அண்ணன் வகுப்பில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். மேஜையில் பேப்பர் வெள்ளையாகவே கிடந்தது. ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது கேட்டோம்.

"என்னண்ணே ஆச்சு?"

"பிள்ளையார் கோயில் வந்ததும் கால் தானா நின்னுடுச்சுப்பா."

"கும்பிடவா?"

"தோள் மாத்த. அதுக்குமேல ஒரு எட்டு எடுத்து வைக்க முடியல. பையை இந்தத் தோள்லேருந்து அந்தத் தோளுக்கு மாத்தறேன், பக்கத்துல அவ சிரிக்கிறா. 'எனக்கும் இங்கதாங்க'ன்றா."

டீ கிளாஸைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"எத்தினியோ வருஷமா மாடியிலேருந்து பாத்திருக்கேன். டெய்லி அங்க நிப்பா. சாமி கும்பிடறான்னு நெனச்சேன். படத்துல வேற கைகூப்பி வரைஞ்சு, நீங்கள்லாம் விசில் அடிச்சீங்க."

"அப்ப அக்கா கும்பிடவே மாட்டாங்களா?"

"கேட்டேன். 'தோள் மாத்துற கையோட அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுடுவேன். நமக்குன்னு சரியா இந்த இடமாப் பாத்து வந்து உக்காந்திருக்காரே'ன்றா."

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"அப்படி என்னண்ணே இருக்கு அந்தப் பையில?"

"டிபன் டப்பா. தண்ணி பாட்டில். துவைக்க வேண்டிய யூனிபார்ம். வழியில வாங்கின காய்." கொஞ்சம் நிறுத்தினார். "அடியில பேப்பர் கட்டு."

"என்ன பேப்பர்?"

"நான் வரையற பேப்பர்தான். ஆஸ்பத்திரிப் பக்கத்துல ஒரு கடையில சல்லிசாக் கிடைக்குதாம். மேஜைமேல இருக்கும், நான்பாட்டுக்கு எடுத்து எடுத்து வரைவேன். எப்படி வந்துச்சுன்னு ஒருநாளும் கேட்டதில்ல."

அவர் மேஜைக்குக் கீழே கசங்கிக் கிடக்கும் பேப்பர் குவியல் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு கோடு பிடிக்காவிட்டால் தாளையே சுருட்டி எறிந்துவிடுவார். அதையும் நாங்கள் ஸ்டூல் போட்டு ரசித்திருக்கிறோம்.

தேர்வு நெருங்கிவிட்டது. அண்ணன் மேடத்தின் அறை வாசலில் போய் நின்றார். நாங்கள் பின்னால் நின்றோம்.

"ஒரு சிக்கல் மேடம்."

"சொல்லுங்க சார்."

"பை என்கிட்ட வந்ததும் அவ நடையே மாறிடுச்சு. கைய வீசிக்கிட்டு நடக்கிறா. வார்டுல நடந்ததெல்லாம் சொல்லிக்கிட்டே முன்னாடி போயிடறா. நான்தான் பின்னாடி ஓடறேன். நான் வரைய வேண்டியது அவளோட பழைய நடை. அது போயிடுச்சு. படம் முடிக்க நாளும் இல்ல."

"ம்."

"அதனால... பையை மறுபடி அவகிட்டயே..."

முடிக்கவில்லை. சொல்ல அவருக்கே வாய் கூசியது.

மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, கேலியும் இல்லை.

"எந்தத் தோள் சார் வலிக்குது?"

"வலது தோள்."

"கால்?"

"குதிகால் விண்விண்ணுங்குது. வீட்டு வாசப்படி ஏறும்போது பாதத்த மொத்தமா ஊனித்தான் ஏற முடியுது. அவளும் அப்படித்தான்..."

அங்கேயே நின்றுவிட்டார். மேடம் எழுந்தார். அந்தக் கண்ணாடியைத் தானே தள்ளிக்கொண்டு வந்து வகுப்பின் நடுவில் நிறுத்தினார்.

"நடந்து பாருங்க."

"பை இல்லையே மேடம்."

"பரவால்ல."

அண்ணன் நடந்தார். துண்டு இல்லை, முந்தானை இல்லை, முழுக்கைச் சட்டையும் மீசையுமாகத்தான் நடந்தார். வலது தோள் தானாக ஏறிக்கொண்டது. கழுத்து இடப்பக்கம் சாய்ந்தது. பாதம் அகட்டவில்லை, மொத்தமாகத் தரையில் பதிந்து, மெல்லப் பிரிந்து வந்தது. கஸ்தூரி அக்காவை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஆனாலும் காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்த ஒரு பெண் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. கண்ணாடிக்கு முன்னால் வந்ததும் அவர் நின்றார். இல்லாத பையைத் தோள் மாற்றினார். கண்ணாடியில் யாரையோ பார்க்கிற மாதிரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அன்றைக்கு மேடத்தைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கூச்சத்தில் செய்யவில்லை. இப்போது எழுதுவதில் கூச்சம் இல்லை.

அண்ணன் அன்றே உட்கார்ந்தார். பழைய படம் முழுவதையும் கட்டி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். மத்தியானம் மட்டும் எழுந்து பஸ் ஸ்டாப்புக்குப் போய் வருவார். வந்து மறுபடி உட்கார்ந்தால் நடு ராத்திரிவரை எழுந்திருக்க மாட்டார். அக்கா வாங்கி வந்த பேப்பர் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தால், அதை இரண்டு கையாலும் பிடித்து மேஜையில் வைத்துவிட்டுத்தான் பென்சிலைத் தொடுவார். ஒன்றைக்கூடச் சுருட்டி எறியவில்லை.

தேர்வு நாள் வந்தது. வெளியிலிருந்து இரண்டு தேர்வாளர்கள் வந்திருந்தார்கள். வாசலில் ஒரு பெண்மணி கையை வீசிக்கொண்டு, லிஃப்ட் ஓடாததைப் பற்றி யாரிடமோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். யாரென்று தெரியாமல் வழிவிட்டோம். பின்னால் பையோடு கோதண்டம் அண்ணன் மூச்சு வாங்க ஏறி வந்தார். அப்புறம்தான் நாற்காலி தேடி ஓடினோம்.

விளக்கை அணைத்தார்கள்.

ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். வலது தோளில் பை. வெயிலில் நடக்கிறாள். தெருமுனையில் நிற்கிறாள். தோள் மாற்றுகிறாள். மாற்றிய கையோடு பிள்ளையாருக்கு அவசரமாக ஒரு கும்பிடு. போகிறாள். மறுநாளும் அப்படியே வருகிறாள். அடுத்த நாளும் வருகிறாள். பிறகு ஒருநாள் ஸ்டாப்பில் ஒரு ஆள் நிற்கிறான். பையை வாங்கிக்கொள்கிறான். அவள் கையை வீசி முன்னால் போகிறாள், அவன் அவளுடைய பழைய நடையில் பின்னால் போகிறான். தெருமுனையில் அவன் நின்று தோள் மாற்றுகிறான். அவள் திரும்பி நின்று அவனுக்காகக் காத்திருக்கிறாள். படம் அங்கே முடிகிறது.

படத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். அதனால் அன்று அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் அந்தப் பெண் முதல் தடவை தெருமுனையில் நின்றபோது அக்காவின் இடது கை மெல்ல எழுந்து தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டது.

"ஐயோ" என்றார். "நான்தாங்க."

பக்கத்தில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மடியில் பை இருந்தது.

விளக்குப் போட்டதும் தேர்வாளர்கள் அதிகம் பேசவில்லை. மூத்தவர் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு, "இவரை எங்கம்மா பிடிச்சீங்க?" என்று மேடத்திடம் கேட்டார். தேறிவிட்டார் என்று புரிந்ததும் நாங்கள் பெஞ்சைத் தட்டினோம். அக்கா எங்களைப் பார்த்து, மெதுவா, மெதுவா என்று வார்டில் சொல்கிற மாதிரி கையைக் காட்டினார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மேடம் கையைத் தூக்கினார்.

"எனக்கு ஒரு சந்தேகம் சார்."

அண்ணன் சட்டென்று எழுந்து நின்றார். "சொல்லுங்க மேடம்."

"அவங்க யாருன்னு தெரிஞ்சுது. பின்னாடி பை தூக்கிட்டு வர்றாரே, அந்த ஆள் யாரு?"

அண்ணன் அக்காவைப் பார்த்தார். வெட்கமாகச் சிரித்தார்.

"நான்தான் மேடம்."

மேடம் திரையைப் பார்த்தார். படத்தின் கடைசிக் காட்சி இன்னும் அதில் நின்றுகொண்டிருந்தது.

"நடையைப் பார்த்தா தெரியலையே, சார்."